ஓவர்டைம் கணக்கில் சேராது

ஏப்ரல் 24, வியாழன்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து ரூத்துக்குப் பள்ளி திறந்துவிட்டது. காலையில் அவளுடைய நீச்சல் உடையைத் தேடி வீட்டையே கவிழ்த்தோம். கடைசியில் அது சலவை இயந்திரத்துக்குள் முறுக்கிக்கொண்டு கிடந்தது. மத்தியானம் புளிக்குழம்பு. லீட்ஸில் கிடைக்கிற சின்ன வெங்காயத்தில் காரம் இல்லை, விலை மட்டும் இருக்கிறது.

ஹெப்சி ஆபீஸிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் ஏதோ சேதி இருக்கிறது.

"அத்தான், செப்டம்பர்ல விசா முடியுதுல்லா? இன்னைக்கு எச்.ஆர். பாக்குற அம்மா கூப்பிட்டாங்க. என் சம்பளம் பத்தாதாம்."

"எதுக்குப் பத்தாது?"

"விசாவுக்கு."

பிறகு விளக்கினாள். இங்கே படித்து முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்கிற வெளிநாட்டுக்காரர்களுக்குச் சம்பள வரம்பில் ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகையில்தான் அவளுக்கு விசா கொடுத்திருந்தார்கள். அது சில வருஷங்களுக்குத்தான். இனி முழு வரம்பைத் தொட வேண்டும். வரம்பும் இடையில் ஏறிவிட்டது. இப்போது வாங்குகிற சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால்தான் நாங்கள் மூன்று பேரும் இங்கே இருக்கலாம். அவள் விசாவோடு ஒட்டிக்கொண்டுதான் என் விசாவும் ரூத்தின் விசாவும். என்னுடையதில் 'சார்ந்திருப்பவர்' என்றே போட்டிருக்கிறது.

பரீட்சையில் பாஸ் மார்க்கை ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான் என்றேன். பாளையங்கோட்டையில் பதினொரு வருஷம் கல்லூரியில் கணிதம் நடத்தியவனுக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்?

"உன் மொதலாளி கேத்கிட்ட கூட்டிக் கேளு."

"எப்படி அத்தான் கேக்க?" என்றாள், எரிகிற வீட்டுக்குள் போகச் சொன்னதுபோல.

ரூத்துக்குத் தலை ஈரமாக இருந்தது. துவட்டப் போய்விட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

பள்ளி, கடை, துணி, சோறு. ஹெப்சி அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் பொன்னையா சார் போனில் வந்தார். எங்கள் கல்லூரி முதல்வர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தெரிந்தவர்.

"என்னய்யா ஆசீர், வெள்ளைக்காரன் ஊர்லயே செட்டிலாயிட்டீரா?"

"இல்ல சார்."

"உம்ம சம்பளமில்லா விடுப்பு அஞ்சு வருஷம் ஆகப்போகுது. இதுக்கு மேல நீட்ட வழி இல்ல. ஜூன் பதினாறு காலேஜ் திறக்கு. அன்னைக்கு வந்து கையெழுத்துப் போடணும், இல்லன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துரணும். வாரும்யா. எம்.எஸ்ஸி. பசங்களுக்கு ரியல் அனாலிசிஸ் உமக்குத்தான் வச்சிருக்கேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யாரு அத்தான்?" என்று ஹெப்சி உள்ளேயிருந்து கேட்டாள்.

"பொன்னையா சார். சும்மா விசாரிச்சாரு."

அவளுக்கு இப்போது இருக்கிற கவலையே போதும். அதனால்தான் சொல்லவில்லை.

மே 1, வியாழன்

சாயங்காலம் சமையலறையில் ஒத்திகை. நான்தான் கேத். கேத் அவளுடைய கம்பெனியின் இயக்குநர். யார்க்ஷயர்க்காரி, அறுபதை நெருங்குகிறவள், பேச்சில் சுருக்கு. பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி. ஆற்றில் வெள்ளம் வந்தால் எந்தத் தெருவுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று முன்கூட்டிக் கணித்து ஊராட்சிகளுக்குச் சொல்வது அவர்கள் தொழில்.

ஹெப்சி கதவைத் தட்டிவிட்டு வந்து நின்றாள்.

"உங்களைத் தொந்தரவு பண்ணுறதுக்கு மன்னிக்கணும்..."

"நிப்பாட்டு. மன்னிப்புல ஆரம்பிச்சா நன்றியிலதான் போய் முடியும்."

"சரி. எனக்கு ஒரு சின்ன உதவி..."

"உதவி எங்கயிருந்து வந்துது? சம்பளம்னு சொல்லு."

"அந்த வார்த்தைய மொதல்லயே சொல்லணுமா?"

"பின்ன, ஆசீர்வாதம் முடிஞ்சா சொல்லுவ?"

மூன்று முறை பார்த்தோம். மூன்றாம் முறை நானே மனமிரங்கி, "சரிம்மா, தாரேன்" என்று சொல்லிவிட்டேன். இது ஒத்திகைக்கு உதவாது என்று ரூத் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் ஏறினாள். ஏழு வயசு. அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "நோ! நெக்ஸ்ட்!" என்றாள். ஹெப்சி கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மே 6, செவ்வாய்

கேட்டுவிட்டாள். கிடைக்கவில்லை.

"கேத் நல்லபடியாத்தான் பேசினாங்க அத்தான். 'கம்பெனிக்கு இந்த வருஷம் அவ்வளவு தாங்காது. சனிக்கிழமைல வேலை தாரேன், ஓவர்டைம் போட்டுக்கோ, கிறிஸ்துமஸுக்கு போனஸும் பாக்கலாம்'னாங்க. ரெண்டையும் கூட்டினா வரம்பு தாண்டிரும்."

"அப்ப ஆச்சே!"

"ஆகல. எச்.ஆர். அம்மா கிட்ட போய்க் கேட்டேன். ஓவர்டைம் கணக்குல சேராதாம். போனஸும் சேராதாம். எழுதிக் குடுத்த அடிப்படைச் சம்பளம் மட்டுந்தான்."

"கேத்கிட்ட திரும்பப் போய்ச் சொன்னியா?"

"அதுக்குள்ள நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்."

கத்தரிக்காய் வதங்கிக்கொண்டிருந்தது. தீயைக் குறைத்தேன். சனிக்கிழமை உழைப்பும் உழைப்புதானே, அது எப்படிக் கணக்கில் சேராமல் போகும் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு பாத்திரம் கழுவினேன்.

மே 7, புதன்

விமானச் சீட்டு என்ன விலை என்று சும்மா பார்த்தேன். ஜூன் இரண்டாம் வாரம், மூன்று பேருக்கு. இங்கே கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன்னால் மலிவுதான். சும்மா பார்த்தது.

பரணில் இருந்த பெட்டியில் பழைய பாடக் குறிப்புகள் அகப்பட்டன. முடிவில்லாத தொடர்களை முதல் வகுப்பில் எப்படித் தொடங்கினேன் என்று புரட்டினேன். இன்னும் எளிதாகத் தொடங்கலாம் என்று தோன்றி, ரூத்தின் வரைதாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பொழுது போகவேண்டாமா? சோறு குழைந்துவிட்டது.

மே 11, ஞாயிறு

பொன்னையா சார் மறுபடியும். ஹெப்சியும் ரூத்தும் நூலகம் போயிருந்தார்கள்.

"உம்ம வகுப்பையெல்லாம் இப்போ ஒரு பொண்ணு பாத்துக்கிடுது, பியூலான்னு. தற்காலிகம். நல்லாத்தான் நடத்துது. ஆனாலும் உம்ம மாதிரி வருமாய்யா?"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வழக்கமாக எல்லாரிடமும் சொல்வார். தெரியும். இருந்தாலும் சாயங்காலம் வரை மனசு நன்றாக இருந்தது.

மே 13, செவ்வாய்

ஹெப்சி இன்று வீட்டிலிருந்தே வேலை. காபி கொடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். திரையில் ஒரு பள்ளத்தாக்கு ஊர். அதன் நடுவே நீலம் மெதுவாகப் பரவி, ஒரு தெருவை விழுங்கி, அடுத்ததை விட்டுவிட்டு, மூன்றாவதில் ஏறியது.

"இது என்னது?"

நான் கேட்பதை ஒரு கணம் அவள் நம்பவில்லை. பிறகு நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.

"ஆத்தங்கரைல ஒரு ஸ்கூல் இருக்கு பாருங்க. அதைக் காப்பாத்த இந்தக் கரைல சுவர் கட்டணும்னு ஊர்க்காரங்க கேட்டாங்க. கட்டினா ஸ்கூலுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா தண்ணி எங்கயாவது போணும்லா? எதிர்க்கரைல முதியோர் இல்லம். அதுக்குள்ள போயிரும். இந்தா, இடுப்பளவு."

"இதை யாரு கண்டுபிடிச்சா?"

"மேப்புல தெரிஞ்சுது."

"மேப்ப யாரு போட்டா?"

"நான்தான்," என்று ஏதோ குற்றம்போலச் சொன்னாள். "இப்போ சுவரை விட்டுட்டு, மேல வயக்காட்டுல தண்ணிய நிறுத்தி விடலாம்னு மாத்திட்டாங்க."

அடுத்த கோப்பைத் திறந்தபோது அவள் படமும் பெயரும் தெரிந்தன. பெயருக்குக் கீழே 'முதன்மை வெள்ளக் கணிப்பாளர்' என்று போட்டிருந்தது.

"இதா? டெண்டருக்குப் போடுறது. இந்த வேலைல அனுபவம் உள்ள ஆளு ஒருத்தர் பேரைக் காட்டணும். எங்க ஆபீஸ்ல என்னை விட்டா ஆளு இல்லையே. போன வருஷம் எடுத்த மூணு பெரிய வேலையும் இந்தப் பக்கத்தை வச்சுத்தான்."

இதைச் சொல்லிவிட்டுக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டாள். பெயர் முதன்மைக் கணிப்பாளர். சம்பளம் புதிதாகச் சேர்ந்தவளுடையது.

ஒன்று தோன்றுகிறது. இன்னும் சரியாக யோசிக்கவேண்டும். பிறகு அவளிடம் சொல்லலாம்.

மே 14, புதன்

பச்சைக் குப்பைத் தொட்டியை வாசலில் வைக்கிற நாள். ஹெப்சி வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். வெளிநாட்டு ஆளுக்கு விசா ஏற்பாடு செய்வதில்லை என்று ஒரே நாளில் இரண்டு இடத்திலிருந்து பதில். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

மே 15, வியாழன்

இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

மே 16, வெள்ளி

மழை. துணி காயவில்லை. பொன்னையா சாருக்கு 'யோசிக்கிறேன் சார்' என்று செய்தி அனுப்பினேன். 'யோசிக்க என்னய்யா இருக்கு' என்று பதில் வந்தது.

மே 17, சனி

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஹெப்சி மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள்.

"ஊருக்கே போயிருவோம் அத்தான்."

நான் திரும்பவில்லை. தோசைக்கரண்டி கையில் நின்றது. அவளாகவே சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. 'சரி' என்றால் போதும்.

"எனக்கு இவ்வளவுதான் விலை போல இருக்கு," என்றாள்.

அடுப்பை அணைத்துவிட்டு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நீ கேட்டதே தப்பு. விசாவுக்குப் பத்தல, கூட்டிக் குடுங்கன்னு கேட்ட. அது உன் கஷ்டம். உன் கஷ்டத்துக்கு அவங்க ஏன் பணம் குடுக்கணும்? விசாவ விடு. மூணு டெண்டர் உன் பேரைக் காட்டி வாங்கியிருக்காங்க. அந்தப் பேருக்கு இந்த ஊர்ல என்ன சம்பளமோ அதைக் கேளு. நீ செப்டம்பர்ல போயிட்டா அடுத்த டெண்டர்ல யாரு பேரைப் போடுவாங்க?"

அவள் தலையைத் தூக்கினாள். கன்னத்தில் மேசை விரிப்பின் தடம் பதிந்திருந்தது. வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"மூணு இல்ல, நாலு," என்றாள். பிறகு, "இது எப்பம் தோணிச்சு உங்களுக்கு?"

"இப்பத்தான்."

மே 20, செவ்வாய்

இதை அவள் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

கேத் அறைக்குள் போய், கேட்காமலே உட்கார்ந்தாளாம். "சம்பளம் பற்றிப் பேச வந்திருக்கிறேன்" என்றுதான் முதல் வாக்கியம். நாலு டெண்டர்களின் பெயரையும் சொன்னாள். இதே பொறுப்புக்கு மற்ற கம்பெனிகள் விளம்பரத்தில் போட்டிருக்கிற சம்பளத்தைச் சொன்னாள். "எனக்கு அதில் நடுவில் இருப்பது போதும். அதற்குக் குறைந்து வேண்டாம்" என்றாள். விசா என்ற வார்த்தையே வரவில்லை.

கேத் அந்த நாலு பெயரையும் குறித்துக்கொண்டாளாம். "இதை நீ இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே."

"இப்போது சொல்கிறேன்."

"மற்றப் பங்குதாரரிடம் பேசவேண்டும். மாசக் கடைசிக்குள் சொல்கிறேன்."

நன்றி சொன்னாயா என்று கேட்டேன்.

"'சரி'ன்னு மட்டும் சொன்னேன். கதவைச் சாத்திட்டுப் பாத்ரூம்ல போய் அஞ்சு நிமிஷம் நின்னேன்."

மே 26, திங்கள்

பொது விடுமுறை. ரூத்துக்கு இந்த வாரம் பள்ளி இல்லை. மூன்று பேரும் ரவுண்டே பூங்காவுக்குப் போனோம். ஏரிக்கரையில் ரூத் வாத்துகளோடு சண்டை. ஹெப்சி கைகளை வீசி நடந்தாள். அவள் வழக்கமாகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பவள்.

"கிடைக்கலன்னாலும் பரவாயில்ல அத்தான். கேட்டுட்டேன்லா."

சந்தோஷமாக இருந்தாள். எனக்கும் சந்தோஷந்தான்.

மே 30, வெள்ளி

கிடைத்துவிட்டது. கேட்டதில் கொஞ்சம் குறைவு, விசா வரம்பைவிடக் கூடுதல். முழுவதும் அடிப்படைச் சம்பளம். வேலைப் பெயரும் இனி காகிதத்தில் ஒன்று, கையில் ஒன்று இல்லை. கேத் கை கொடுத்து, "உன்னிடம் பேரம் பேசுவதைவிட ஊராட்சியிடம் பேசுவது எளிது" என்றாளாம்.

ஹெப்சி வாசலிலேயே ரூத்தைத் தூக்கிச் சுற்றினாள். "இனிமே வாரம் ரெண்டு நாள் சைட்டுக்குப் போணும். விடியக் கிளம்பினா வர நேரமாகும். அதுக்கென்ன, நீங்கதான் வீட்டுல இருக்கீங்களே."

"இருக்கேனே," என்றேன்.

பிரியாணி செய்தேன். உப்பு கூடிவிட்டது. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

சப்பாத்தி மாவில் இரண்டு கையும் இருந்தபோது போன் அடித்தது. ஹெப்சி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டாள்.

"ஆசீர்! பதினாறாம் தேதி நெருங்குது. வாரீரா, ராஜினாமாவா? ஏப்ரல்ல இருந்து கேக்கேன், ஒரு பதில் இல்ல. உமக்குன்னு வச்சிருக்க இடத்துக்கு நான் எத்தனை பேருக்குய்யா சமாதானம் சொல்ல?"

"சார், நான் ஹெப்சிபா பேசுதேன். அவங்க கூப்பிடுவாங்க," என்று வைத்துவிட்டாள்.

ரூத்தை முன்னறைக்கு அனுப்பினாள். நான் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ஏப்ரல்ல இருந்தா?"

"நீ விசாக் கவலைல இருந்த. எதுக்கு இதையும் சேக்கணும்னு..."

"அத்தான்."

மாவை விட்டுவிட்டேன்.

"எனக்குக் கிடைக்கலன்னா உங்களுக்கு அந்த வேலை. எனக்குக் கிடைச்சா அது போச்சு. இதத் தெரிஞ்சுக்கிட்டே எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க." மாவுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். "டெண்டர் யோசனை உங்களுக்கு எப்பம் தோணிச்சு? உள்ளதைச் சொல்லுங்க."

"செவ்வாக்கிழமை. உன் திரையைப் பாத்தன்னைக்கு."

"சொன்னது சனிக்கிழமை."

"ஆமா."

அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போய் இறுக்கிவிட்டு வந்தாள்.

"சொன்னீங்கள்லா," என்றாள்.

கையில் ஒட்டியிருந்த மாவை விரலால் உரித்தேன்.

"போவோமா? நான் நிஜமாத்தான் கேக்கேன். கேட்டு வாங்கத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுட்டு. அதை எந்த ஊருக்கும் கொண்டு போலாம். ஆனா எனக்காக விட்டுக் குடுக்கேன்னு மட்டும் இங்க இருக்காதீங்க. விட்டுக் குடுத்துட்டு முப்பது வருஷம் அதையே சோத்துல உப்பாப் போட்டுக்கிட்டு இருப்பீங்க."

"நேத்தும் பாத்தியா, உப்பு..."

"முந்தாநேத்து. வாயில வைக்க முடியல," என்று அழுதுகொண்டே சிரித்தாள். "உங்களுக்கு என்ன வேணும்? அஞ்சு வருஷத்துல இதை நான் ஒரு தடவை கேட்டிருக்கணும். இப்பக் கேக்கேன்."

தெரியவில்லை என்றேன். அது பொய் இல்லை.

ஜூன் 2, திங்கள்

ரூத்தை விட்டுவிட்டு வருகிற வழியில் அவள் கேள்வியோடே நடந்தேன். கல்லூரி வேண்டுமா? அந்த மரங்கள், ஆசிரியர் அறை, மாசாமாசம் தாளாளரிடம் கைகட்டி நிற்பது? அதெல்லாம் இல்லாமலே இந்த ஐந்து வருஷம் தூங்கி எழுந்திருக்கிறேன். எனக்கு வேண்டியிருப்பது ஒரு கரும்பலகையும், எதிரே புரியாத முகத்தோடு கொஞ்சம் பிள்ளைகளும்.

அந்த வழியில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 'கணித ஆசிரியர்கள் தேவை' என்ற பலகை குளிர்காலத்திலிருந்தே அதன் வேலியில் தொங்குகிறது. தினமும் இரண்டு முறை அதைக் கடக்கிறேன். இந்த நோட்டில் வெங்காய விலைகூட எழுதியிருக்கிறேன், அந்தப் பலகையை ஒரு நாளும் எழுதவில்லை. என் விசாவில் வேலை பார்க்கத் தடை கிடையாது. என் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கும், ரூத்தை யார் பார்ப்பது, நான் கல்லூரியில் நடத்தியவன் ஆயிற்றே என்று தடைகளை நானேதான் போட்டு வைத்திருந்தேன்.

சாயங்காலம் ஹெப்சியிடம் சொன்னேன். "ரூத்துக்குப் பள்ளி முடிஞ்சு பாத்துக்கிடுற வகுப்பு இருக்கு. இடம் கேட்டு வச்சிட்டேன்," என்றாள்.

"எப்பம்?"

"இன்னைக்கு மத்தியானம். எதுக்கும் இருக்கட்டும்னு."

ஜூன் 4, புதன்

அந்தப் பலகை தொங்கும் பள்ளிக்குள்ளே போனேன். வரவேற்பில் இருந்த பெண் பெயரை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பதினான்கு வயசுப் பிள்ளைகள். குறை எண்களின் பெருக்கல்.

ஜூன் 10, செவ்வாய்

சட்டையை நேற்று இரண்டு முறை தேய்த்தேன். ஹெப்சி சைட்டுக்குப் போகிற நாள், விடியுமுன் கிளம்பிவிட்டாள். ரூத்தான் என்னைச் சரிபார்த்து அனுப்பினாள்.

முப்பது பிள்ளைகள். பின்னால் கைகட்டித் தலைமையாசிரியை, கணிதத் துறைத் தலைவர். முதல் ஐந்து நிமிஷம் வெட்கக்கேடு. நான் வேகமாகப் பேசினேன், ஒருவருக்கும் விளங்கவில்லை. முன் வரிசையில் ஒருத்தன் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினான், எல்லாரும் சிரித்தார்கள். என் 'டபிள்யூ' அவனுக்கு 'வி'யாகக் கேட்டிருக்கிறது.

அப்போது கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "குறையைக் குறையால் பெருக்கினால் கூட்டல் என்று யார் முடிவு பண்ணியது? சும்மா சொல்லிவைத்தது தானே?"

இந்தக் கேள்வியைப் பாளையங்கோட்டையிலும் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. விடை தெரிந்தால் போதும் என்று இருக்கிறவர்களிடமிருந்து இது வராது.

"யாரும் முடிவு பண்ணவில்லை. வேண்டுமானால் நாம் மாற்றிப் பார்ப்போம்," என்றேன். "குறை என்றே வைத்துக்கொள். எது உடைகிறது என்று நீ கண்டுபிடி."

அவள் பலகைக்கு வந்தாள். மூன்றிலிருந்து ஒவ்வொன்றாய்க் குறைத்து, ஒவ்வொன்றையும் குறை இரண்டால் பெருக்கி வரிசையாக எழுதச் சொன்னேன். குறை ஆறு, குறை நாலு, குறை இரண்டு, பூஜ்யம். "அடுத்தது?" கேலி பண்ணினவன்தான் முதலில், "ஓ... ரெண்டு கூடிக்கிட்டே போகுது! அங்கே போய் அது எப்படித் திரும்பும்?" என்று கத்தினான். பிள்ளைக்கு ஒன்று விளங்கும்போது வருகிற அந்த 'ஓ' இங்கேயும் அதே ராகத்தில்தான் வருகிறது.

மணி அடித்ததை நான் கவனிக்கவில்லை.

பிறகு தலைமையாசிரியையின் அறை. செப்டம்பரிலிருந்து ஒரு வருஷம். உள்ளூர் ஆசிரியர் தகுதிச் சான்றை அதற்குள் வாங்கிக்கொள்ள வேண்டும், அவர்களே உதவுவார்கள். எல்லாம் சொல்லிவிட்டு, "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்றாள்.

'நீங்கள் பார்த்துக் கொடுப்பது' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவிக்குப் பாடம் எடுத்தவன்! தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"எனக்குப் பதினொரு வருஷ அனுபவம். உங்கள் சம்பளப் பட்டியலில் அதற்கு எந்தப் படியோ, அது."

அவள் பட்டியலை எடுத்து, விரலால் கீழிருந்து மேலே போனாள். நான்காவது படியில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். சரி என்றேன்.

ஜூன் 12, வியாழன்

ராஜினாமாவை எழுதி அனுப்பினேன். இரண்டே வரி. அனுப்பிய பிறகு கொல்லைப்பக்கம் போய்த் துணிகளை எடுத்து மடித்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன். ஹெப்சி வந்து பக்கத்தில் நின்று, போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

பொன்னையா சார் போனில் சத்தம் போட்டார். அப்புறம், "நல்லா இரும்யா," என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. நெல்லைக் குரல்.

"சார், நான் பியூலா பேசுதேன். காலேஜ்ல உங்க வகுப்பைப் பாத்துக்கிடுதேன்லா, அந்த பியூலா. தொந்தரவு இல்லையே?"

"இல்லம்மா, சொல்லுங்க."

"பிரின்சிபால் சார் நேத்துக் கூப்பிட்டுச் சொன்னாங்க, அந்த இடம் இனிமே காலியிடம்னு. அரசாங்க அனுமதி வரணும், நேர்முகம் வைக்கணும், எனக்கே கிடைக்கும்னு சொல்ல முடியாது. ஆனா இத்தனை வருஷமும் விண்ணப்பம் போடக்கூட இடம் இல்லாம இருந்துது சார்."

அவள் வாங்குவது தொகுப்பூதியம். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். ஒரே பாடம், ஒரே கரும்பலகை. நான் வாங்கினதில் கால்பங்குகூட இல்லை. இந்த இரண்டு மாசமும் இந்த வீட்டில் சம்பளத்தைத் தவிர வேறு பேச்சில்லை. அந்தப் பக்கம் இப்படி ஒருத்தி நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"ஒவ்வொரு ஜூன் மாசமும் நீங்க வந்துருவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருப்பேன் சார். உங்களுக்குச் சுகமில்லாம இருக்கணும்னுலாம் ஜெபம் பண்ணல. அங்க நல்லபடியா இருக்கணும்னுதான் பண்ணினேன்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஹெப்சி என்ன என்று எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் பியூலாவும் சிரித்தாள், முதலில் பயந்து பயந்து, பிறகு நன்றாக.

அவளுக்குப் போனை வைக்க மனமில்லை, எனக்கும்தான். முடிவில்லாத தொடர்களைத் தொடங்கும்போது பிள்ளைகள் மிரள்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டாள். நான் ஒரு வழி சொன்னேன். அது வேண்டாம் சார் என்று அவள் வேறொன்று சொன்னாள். என்னுடையதைவிட அது நன்றாக இருந்தது. எழுதிக்கொண்டேன்.

நாளைக்குக் கல்லூரி திறக்கிறது. காலை முதல் மணியே அவளுக்கு வகுப்பு. நான்தான் செப்டம்பர்வரை பொறுக்கவேண்டும்.